ரோட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு? போக்குவரத்துச் சமத்துவம் பற்றி ஓர் எளிய விளக்கம்

"நடந்து போங்கள், சைக்கிள் ஓட்டுங்கள், பஸ்ஸில் ஏறுங்கள்" என்று நகரத்து மக்களுக்கு அறிவுரை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. உடம்புக்கு நல்லது, காற்று கெடாது, பெட்ரோல் காசு மிச்சம் என்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த அறிவுரை யாருக்கு? சேலத்தில் விடியும் முன்பே அம்மாப்பேட்டையிலிருந்து துப்புரவு வேலைக்கு நடக்கும் பெண்ணுக்கு நடையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூல் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு பொன்னம்மாப்பேட்டைக்கு மிதிக்கும் நெசவாளருக்கும் சைக்கிளின் பெருமை புதிதல்ல. அவர்கள் ஏற்கெனவே நடக்கிறார்கள், மிதிக்கிறார்கள், டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள், வேறு வழியில்லாமல்.

விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த மற்ற வேலைகளில் இருப்பவர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாகக் கேட்டது. நாடு முழுவதும் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள். காரில் போனவர்கள் மிகச் சிலர். அதன் பிறகு டூவீலர் பெருகிவிட்டது என்பது கண்கூடு. இருந்தாலும் நடப்பவர்களும் பஸ் பயணிகளும் இன்றும் சிறு கூட்டமல்ல. அவர்களை ஒதுக்கிவிட்டு, கார் வைத்திருப்பவரை எப்படிப் பஸ்ஸில் ஏற்றுவது என்று மட்டும் பேசுவதால்தான் இந்த விஷயம் குழம்பிக் கிடக்கிறது. 'போக்குவரத்துச் சமத்துவம்' என்றதும் ஒருவர் இலவச பஸ் என்கிறார், இன்னொருவர் கார்காரர்கள்மீது வரி போடும் திட்டம் என்கிறார், மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பேரணி என்கிறார். மூன்றிலும் ஓரளவு தொடர்பு உண்டு. மூன்றும் அதன் மையம் அல்ல.

ஒரு தெருக்குழாயின் கணக்கு

குடிநீர்க் கணக்கு சேலத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு தெரு, ஒரு குழாய். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு இணைப்பு, ஒரே நேரத்தில் தண்ணீர். தாளில் பார்த்தால் எல்லோருக்கும் சமம். ஆனால் தெருமுனையில் நான்கு வீடுகள் குழாயிலேயே மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டுக் குடத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும்.

இதற்கு என்ன செய்யலாம்? எல்லோரும் மோட்டார் வாங்கிக்கொள்ளலாம் என்றால் நிலைமை இன்னும் மோசமாகும். குழாயைப் பெரிதாக்கினால் சில மாதங்களில் மோட்டாரும் பெரிதாகிவிடும். கடைசி வீட்டுக்காரர்களைச் சிக்கனமாக இருக்கச் சொல்வதோ அநியாயம். உறிஞ்சுவதற்கு ஒரு வரம்பு வைத்து, கடைசி வீட்டுக்கு இவ்வளவு தண்ணீர் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று உறுதி செய்வதுதான் வழி.

ரோடும் அப்படிப்பட்ட பொதுச் சொத்து. அதன் அகலம் எளிதில் மாறாதது. ஒரு கார் பெரும்பாலும் ஒருவரையோ இருவரையோ சுமந்துகொண்டு போகிறது. ஏறக்குறைய மூன்று கார் பிடிக்கும் இடத்தில் ஒரு பஸ் ஐம்பது, அறுபது பேரைச் சுமக்கிறது. நடப்பவர் எடுத்துக்கொள்வது ஓர் ஆள் நிற்கும் இடம். ஆனாலும் அகலத்தைப் பங்கு போடும்போது நடப்பவருக்கு மிஞ்சுவது சாக்கடை மூடியின் மேல் ஒரு ஓரம். 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவதை விட மனிதர்களை நகர்த்துவதையே முன்னிறுத்தியது. கொள்கையில் அது எழுதப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் தெருக்கள் பெரும்பாலும் வண்டிக் கணக்கில்தான் அளக்கப்படுகின்றன.

ஆக, போக்குவரத்துச் சமத்துவம் என்பது இதுதான்: ஊரில் யாராக இருந்தாலும், கையில் எவ்வளவு காசு இருந்தாலும், உடம்பில் எவ்வளவு தெம்பு இருந்தாலும், வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் பத்திரமாகவும் நியாயமான நேரத்திலும் போய்ச் சேர முடிய வேண்டும். அதற்காகப் பொதுப் பணத்தையும் ரோட்டின் இடத்தையும் பகிரும்போது, இன்று அதிகச் சிரமப்படுகிறவரின் சிரமம் முதலில் குறைய வேண்டும்.

டிக்கெட் விலை மட்டும் விலையல்ல

ஒரு பயணத்துக்கு நாம் நான்கு வகையில் விலை கொடுக்கிறோம்: காசு, நேரம், உடல் உழைப்பு, ஆபத்து. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது விளங்கும்.

சேலத்தில் குகை என்ற பேட்டையில் வசிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு வேலைக்குப் போகிறார். மதியம் இன்னொரு வீடு. மாலையில் ரேஷன் கடை, மாமியாருக்கு மருந்து, பிறகு பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு. அவர் கணவர் டூவீலரில் பட்டறைக்குப் போய்த் திரும்பினால் இரண்டு பயணம். இவருக்கோ ஐந்தாறு துண்டுகள். இப்படி ஒன்றோடு ஒன்று கோர்த்த சிறு பயணங்களைத் 'தொடர் பயணம்' என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். உலகம் முழுக்கப் பெண்களின் பயணம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. பஸ் தடங்களோ காலையில் ஊர் மையத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறவரை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. மையத்துக்குப் போகாமல் பக்கத்துப் பேட்டைக்கே போக நினைக்கும் இவர், பழைய பஸ் ஸ்டாண்டு போய் வண்டி மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு காத்திருப்பு.

காத்திருப்புக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பஸ் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் ஸ்டாப்புக்கு வருகிறவர் சராசரியாகப் பத்து நிமிடம் நிற்பார். அதாவது இடைவெளியில் பாதி. ஒழுங்கில்லாமல் இரண்டு பஸ் ஒன்றாக வந்து, அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து வந்தால் சராசரி இன்னும் கூடும். அதுமட்டுமல்ல, பஸ்ஸுக்குள் உட்கார்ந்து கழியும் பத்து நிமிடமும் வெயிலில் நின்று கழியும் பத்து நிமிடமும் மனத்துக்கு ஒன்றல்ல. காத்திருக்கும் நேரம் ஓடும் நேரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக உணரப்படுகிறது என்றே போக்குவரத்துத் திட்டக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். சித்திரை வெயிலில், நிழற்குடை இல்லாத ஸ்டாப்பில் நின்றவர்களுக்கு இது குறைவான மதிப்பீடாகவே தோன்றும்.

நான்காவது விலை ஆபத்து. 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 1.68 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 33,000 பேர் நடந்து போனவர்கள். நடப்பவர் யாரையும் மோதிக் கொல்வதில்லை. ஆனால் பிறர் வேகத்துக்கான விலையில் ஒரு பெரிய பங்கை அவர்தான் கட்டுகிறார். வண்டிகளின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரோட்டைச் சீர் செய்து வேகத்தைக் கூட்டினோம் என்று பெருமைப்படும்போது, அந்த ரோட்டைக் கடக்க வேண்டியவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ரோடு ஒரு பொதுச் சொத்து, அதன் பங்கீடு இன்று சமமாக இல்லை. பயணத்தின் விலை நான்கு வகை. குறைந்த இடத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் நேரத்திலும் உழைப்பிலும் ஆபத்திலும் அதிக விலை கொடுக்கிறார்கள்.

வேகம் வேறு, அணுகல் வேறு

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். போக்குவரத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிறோம். சமத்துவக் கணக்கில் பார்க்க வேண்டியது அணுகலை. அணுகல் என்றால், ஒருவர் தன் வீட்டிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள், தன்னால் கொடுக்க முடிந்த செலவில், எத்தனை வேலையிடங்களையும் பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் எட்ட முடிகிறது என்பது. நடக்கும் தூரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் வேகமே தேவையில்லை, அணுகல் கிடைத்துவிட்டது. ஆறு வழிச் சாலை வீட்டு வாசலில் ஓடியும் அதைக் கடக்க வழி இல்லையென்றால் வேகம் இருக்கிறது, அணுகல் இல்லை.

சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் 2020-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சுமார் 7.8 கிலோமீட்டர் நீளம். அதில் காரிலோ டூவீலரிலோ போகிறவருக்கு நேரம் மிச்சமாகிறது. அதை மறுக்க முடியாது. ஐந்து ரோட்டிலேயே இறங்க வேண்டிய டவுன் பஸ் பயணிக்கு அந்தப் பாலம் என்ன தருகிறது? பஸ் கீழேதான் வர வேண்டும், ஆட்கள் கீழேதான் ஏறி இறங்க வேண்டும், தூண்களுக்கு நடுவே ரோட்டைக் கடப்பதும் கீழேதான். பாலம் தேவையா இல்லையா என்ற பழைய வாதத்துக்குள் நான் போகவில்லை. பாலத்துக்குச் செலவிட்ட பணத்தின் பலன் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளந்துவிட்டு, கீழே நிற்பவர்களுக்கும் அதே அக்கறையோடு செலவு செய்திருக்கிறோமா என்று பார்ப்பதுதான் இந்தக் கருத்தின் வேலை.

இன்னொரு சங்கதியும் உண்டு. ரோட்டை அகலப்படுத்தினால் கொஞ்ச காலம் நெரிசல் குறையும். போவது சுலபமாகிவிட்டதால் முன்பு வண்டி எடுக்காதவர்களும் எடுப்பார்கள், தூரத்தில் மனை வாங்குவார்கள், மறுபடி நெரிசல் வரும். இதற்குத் 'தூண்டப்பட்ட தேவை' என்று பெயர். குழாயைப் பெரிதாக்கினால் மோட்டாரும் பெரிதாகும் என்றேனே, அதே கதைதான்.

பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை?

டவுன் பஸ் தாமதத்துக்கு டிரைவரையோ கண்டக்டரையோ திட்டுகிறோம். உள்ளே நடப்பது வேறு கணக்கு. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் புரியும்.

ஒரு தடத்தில் பஸ் புறப்பட்டு, கடைசி ஸ்டாப் போய், திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கு வந்து நிற்க 80 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைச் 'சுற்று நேரம்' என்போம். அந்தத் தடத்தில் 4 பஸ் ஓடினால், 80-ஐ 4-ஆல் வகுக்க, இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ். இப்போது வழியெங்கும் கார்களும் டூவீலர்களும் பெருகி, கடைகளுக்கு முன்னால் இரண்டு வரிசையாக வண்டி நிறுத்தி, சுற்று நேரம் 120 நிமிடம் ஆகிவிட்டது. பஸ் அதே 4, டிரைவர்கள் அதே பேர்தான். ஆனால் இடைவெளி முப்பது நிமிடம் ஆகிவிட்டது. யாரும் ஒரு பஸ்ஸைக் கூட நிறுத்தவில்லை; இருந்தும் சேவையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. பழையபடி இருபது நிமிட இடைவெளி வேண்டுமென்றால் 6 பஸ் ஓட்ட வேண்டும். அதற்கு டீசல், சம்பளம், பராமரிப்பு எல்லாம் கூடும். நெரிசலை உண்டாக்கியவர்கள் அந்தச் செலவைக் கட்டுவதில்லை. போக்குவரத்துக் கழகம் நட்டம் என்று கணக்கு எழுதுகிறது, பயணி கால் கடுக்க நிற்கிறார்.

அடுத்து நடப்பதும் எதிர்பார்க்கக் கூடியதுதான். அரை மணி நேரம் நிற்க முடியாதவர் கடன் வாங்கியாவது ஒரு மொபெட் வாங்குகிறார். ரோட்டில் ஒரு வண்டி கூடுகிறது, பஸ்ஸில் ஒரு டிக்கெட் குறைகிறது. நெரிசல் கூடக் கூட பஸ் இன்னும் மெதுவாகிறது. வாங்க முடியாதவர்கள் மட்டும் ஸ்டாப்பில் மிஞ்சுகிறார்கள்: முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், வீட்டில் இருக்கும் ஒரே வண்டி கணவரிடம் போய்விட்ட பெண்கள்.

இந்தச் சுழலை உடைக்கப் பெரிய திட்டம்தான் வேண்டும் என்பதில்லை. நெரிசல் மிகுந்த ஓர் அரை கிலோமீட்டரில் வண்டி நிறுத்துவதைத் தடுத்து, பஸ் தடையின்றிப் போக இடம் விட்டு, சிக்னலில் பஸ்ஸுக்கு முதல் வாய்ப்பு கொடுத்தால் சுற்று நேரத்தில் சில நிமிடங்கள் மிச்சமாகும். அது நாள் முழுதும், எல்லாச் சுற்றுக்கும், எல்லாப் பயணிக்கும் கிடைக்கும். புது பஸ் வாங்காமலே சேவை கூடும்.

ஒரு நடைபாதையை நெருங்கிப் பார்த்தால்

பஸ் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்டாப் வரைக்குமான நடையும் அதில் சேர்த்தி. ஆகவே நடைபாதை கெட்டால் பஸ்ஸும் கெட்டது போல்தான்.

ஊர் நடுவே ஒரு கடைத்தெருவில் நின்று பாருங்கள். நடைபாதை ரோட்டிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. முழங்கால் வலிக்காரர் ஏற யோசித்துக் கீழேயே நடக்கிறார். ஏறியவர் பத்தடி போவதற்குள் ஒரு டிரான்ஸ்பார்மர். அதைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்க வேண்டும். மறுபடி ஏறினால் ஒரு ஸ்லாப் விலகிச் சாக்கடை தெரிகிறது. அதைத் தாண்டினால் ஒரு கடையின் சாய்தளம் நடைபாதையைக் குறுக்கே வெட்டி டூவீலர் ஏற வழி விடுகிறது. அங்கேயே நான்கு டூவீலர்கள் நிற்கின்றன. அடுத்து ஒரு விளம்பரப் பலகையின் கால். நூறடிக்குள் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லும் இந்தப் பாதையில் தள்ளுவண்டிக் குழந்தை போக முடியாது, சக்கர நாற்காலி போக முடியாது, கண் தெரியாதவர் போனால் விழுவார். அதனால்தான் மக்கள் ரோட்டில் நடக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, நடைபாதை போட்டுக் கொடுத்தும் மக்கள் பயன்படுத்துவதில்லை என்று சொல்வது எவ்வளவு தவறு!

இதற்கு அளவுகள் இல்லாமல் இல்லை. நாட்டின் சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் பாதசாரி வழிகாட்டு நெறிகள், எந்தத் தடையும் இல்லாமல் நடப்பதற்கென்றே குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விடச் சொல்கின்றன. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைத்தெருவில் அகலம் இன்னும் கூட வேண்டும். பொது இடங்களை அவர்களும் அணுகும்படி அமைக்கச் சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இலிருந்து இருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறியது. நடைபாதை ஓர் உபகாரமல்ல, உரிமை. நடப்பவர் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடக்க இடமில்லை என்றதும் முதலில் அகற்றப்படுகிறவர் பூ விற்கும் அம்மாவும் மாம்பழக் கூடைக்காரரும்தான். நடைபாதையில் நிறுத்திய கார் பல நேரம் அப்படியே நிற்கும். இது சமத்துவம் ஆகாது. வியாபாரிகளை வைத்துத்தான் இரவு எட்டு மணிக்கு மேலும் ஸ்டாப்பில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கின்றன. தனியாக நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய துணை. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், விற்பனைக் குழு அமைத்து, அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகளையும் உட்கார வைத்து, இடம் ஒதுக்கச் சொல்கிறது. நடப்பதற்கு 1.8 மீட்டர் விட்டு, அதற்கு வெளியே வியாபாரிக்கு இடம் குறித்துக் கொடுப்பது முடியாத காரியமல்ல.

நிழலையும் இதே கணக்கில் வைக்க வேண்டும் என்பேன். சாலை விரிவாக்கத்தில் வெட்டிய புளியமரமும் புங்கமரமும் நடப்பவர்களின் கூரையாக இருந்தவை. காரில் போகிறவருக்கு ஏசி இருக்கிறது.

சைக்கிள்: இருந்ததை இழக்காமல் இருக்க

சேலம் வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன் என்று மலைகள் சூழ்ந்த ஊர்தான். ஆனாலும் ஊருக்குள் பெரும்பகுதி சைக்கிளுக்கு ஏற்ற தரை. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இலவச சைக்கிள் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. ஆக, ஏழை வீடுகளிலும் சைக்கிள் வந்து சேர்கிறது. அதை ஓட்டப் பத்திரமான ரோடுதான் இல்லை. லாரியும் பஸ்ஸும் உரசிப் போகும் இடத்தில் பெண்ணைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் பயப்படுவதில் தவறில்லை.

பல ஊர்களில் சைக்கிள் என்றால் வாடகைச் செயலியும் பூங்காவைச் சுற்றி வண்ணம் பூசிய பாதையும் என்று ஆகிவிட்டது. உடற்பயிற்சிக்கு ஓட்டுபவர்களுக்கு அது நல்லது. பால் கேனும் நூல் மூட்டையும் ஏற்றிப் போகிறவர் ஓட்டும் ரோடு எது, பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் ரோடு எது என்று கண்டுபிடித்து, அங்கே வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, பழைய பஸ் ஸ்டாண்டிலும் ஜங்ஷனிலும் சைக்கிளைக் குறைந்த கட்டணத்தில் பூட்டி வைக்க இடம் கொடுப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது.

இலவசப் பயணம் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் விடியல் பயணம், அரசு டவுன் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு டிக்கெட்டை இல்லாமல் ஆக்கியது. பின்னர் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்த 888 ரூபாய் ஒரு வீட்டு வேலைக்காரருக்கு எவ்வளவு பெரிய தொகை என்பதை அறிந்தவர்கள் இந்தத் திட்டத்தை ஏளனம் செய்ய மாட்டார்கள். கணவரிடம் காசு கேட்காமல் அம்மா வீட்டுக்குப் போய் வர முடிகிறது என்பது பணத்தில் அளக்க முடியாத பலன்.

நான்கு விலைகளை நினைத்துப் பார்த்தால் இதன் எல்லையும் புரியும். இந்தத் திட்டம் காசு என்ற விலையை நீக்கியது. காத்திருப்பு, ஸ்டாப் வரை நடை, ஆபத்து ஆகிய மூன்றும் அப்படியே இருக்கின்றன. சேலத்தில் தனியார் டவுன் பஸ்களும் ஓடுகின்றன. அவற்றில் இலவசம் கிடையாது. காசு இருப்பவர் முதலில் வரும் தனியார் பஸ்ஸில் ஏறிவிடுகிறார். இல்லாதவர் அதைப் போகவிட்டு அரசு பஸ்ஸுக்கு நிற்கிறார். அவர் காசுக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறார். எனவே இலவசத்தின் பலன் முழுதாகக் கிடைக்க, அந்த வண்டிகளின் எண்ணிக்கையும் கூட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால்: அணுகலை அளக்க வேண்டும், பஸ்ஸின் சுற்று நேரத்தைக் காப்பாற்ற வேண்டும், நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கட்டணச் சலுகை இவற்றோடு சேரும்போதுதான் முழுப் பலன் தரும்.

மலை மேலே

சேர்வராயன் மலையில் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஏற்காட்டைச் சுற்றிய மலைக் கிராமங்களில் வாழும் 'மலையாளி' என்ற பெயருள்ள பழங்குடி மக்களுக்கும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கும் பெரிய சிகிச்சை என்றால் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். கிராமத்திலிருந்து பஸ் வரும் இடத்துக்கு நடை, ஏற்காடு போய் வண்டி மாற்றம், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம், பிறகு ஊருக்குள் இன்னொரு பஸ். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் கிடைக்கும். திரும்பும்போது மேலே கிராமத்துக்குப் போகும் கடைசி வண்டி தவறினால் இரவு தங்க வேண்டியதுதான். ஒரு நாள் கூலி போய் இரண்டு நாள் கூலி போகிறது.

கோடை விழா நாட்களிலும் வாரக் கடைசியிலும் சுற்றுலாக் கார்கள் வளைவுகளில் வரிசை கட்டி நிற்கும்போது, அதே வரிசையில் அந்த பஸ்ஸும் நிற்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அரை மணித் தாமதம் ஓர் அலுப்பு. கர்ப்பிணிப் பெண்ணுக்கு அப்படியல்ல. சுற்றுலா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலையில் பலருக்குப் பிழைப்பு அதுதான். அடிவாரத்தில் கார்களை நிறுத்த இடம் அமைத்து, அங்கிருந்து அடிக்கடி பஸ் விட்டால், சுற்றுலாக்காரர் கட்டும் டிக்கெட்டே மலைவாசிகளுக்கான கூடுதல் வண்டிகளைத் தாங்கும். கடைசி பஸ்ஸின் நேரத்தை மருத்துவமனை நேரத்தோடு பொருத்துவதற்குப் பணமே தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

அப்படியானால் கார் வைத்திருப்பது தவறா?

இல்லை. இரவில் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவருக்கும், நடக்க முடியாத தாயை அழைத்துப் போகிறவருக்கும், சந்தைக்கு மூட்டை ஏற்றுகிறவருக்கும் வண்டி வேண்டும். அவர்களுக்கும் பஸ்ஸில் ஆள் நிறைந்து ரோடு காலியாவது லாபமே. கேட்பதெல்லாம், பொது இடத்தில் இலவசமாக வண்டி நிறுத்துவதை உரிமையாக எண்ண வேண்டாம் என்பதும், அதற்குக் கட்டணம் வாங்கினால் அந்தப் பணம் நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் போக வேண்டும் என்பதும்தான்.

வார்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். வார்டு குழுக்களுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வந்துவிட்டன. அங்கே பொதுவாகச் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை என்றே பேச்சு ஓடுகிறது. அடுத்த கூட்டத்தில் போக்குவரத்தையும் எடுக்கலாம். எடுக்கும்போது 'பஸ் வசதி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்க வேண்டும். எங்கள் ஸ்டாப்பில் காலை ஏழு முதல் ஒன்பது வரை எத்தனை அரசு பஸ் வர வேண்டும், உண்மையில் எத்தனை வருகின்றன? வார்டின் பள்ளியிலிருந்து முந்நூறு மீட்டர் சுற்றளவில் நடைபாதை எங்கெல்லாம் அறுந்து கிடக்கிறது? மூத்தவர்கள் ரோட்டைக் கடக்கும் இடம் எது, அங்கே வேகத்தடையும் கோடும் உண்டா? வரும் ஆண்டின் சாலை நிதியில் தாருக்கு எவ்வளவு, நடைபாதைக்கு எவ்வளவு?

இந்த விவரங்களைத் திரட்டப் பெரிய ஆய்வுக் குழு தேவையில்லை. ஸ்டாப்பில் தினமும் நிற்கிற பெண்கள் இரண்டு பேர் ஒரு வாரம் நோட்டில் பஸ் வந்த நேரத்தைக் குறித்தாலே போதும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நடைபாதையை அளந்து 1.8 மீட்டரோடு ஒப்பிட்டு எழுதிவிடுவார்கள். அந்தத் தாளை வார்டு உறுப்பினரிடமும் போக்குவரத்துக் கழகக் கிளையிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.